இரண்டு சூசைகளின் வள்ளம்

குருநகர் மீன்பிடி முதலாளி பிலிப்புச் சம்மாட்டியின் வள்ளத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரே மாதிரி ஒலிக்கிற பெயரோடு இரண்டு பேர் அதில் ஏறக் கூடாது. கடலில் கூப்பிடும்போது காற்று பெயரின் வாலைத் தின்றுவிடும். தலை மட்டும்தான் காதுக்கு வந்து சேரும். தலை ஒன்றாக இருந்தால், வால் என்னவென்று இரண்டு பேரும் கொஞ்சம் காத்திருப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம் போதும், வள்ளம் சரிந்துவிடும். அதனால் பின்னால் வந்தவன் தன் பெயரைக் கரையில் விட்டுவிட்டு, கடலுக்கென்று இரவல் பெயர் ஒன்று எடுக்க வேண்டும்.

சூசைமுத்து அப்படித்தான் ஓரா ஆனான். அவனும் அண்ணனும், தகப்பன் புனித சூசையப்பருக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளைகள். மூத்தவனுக்குச் சூசைப்பிள்ளை, இளையவனுக்குச் சூசைமுத்து என்று ஞானஸ்நானத்தில் வைத்துவிட்டார். மூத்தவன் வள்ளத்தில் ஏற்கெனவே இருந்தான். இளையவன் ஏறிய அன்று, கூடத் தொழில் செய்த அடைக்கலநாதன் அவனுடைய சிலிர்த்த தலைமயிரைக் கண்டு சிரித்தான்.

“உவனை ஓரா எண்டு கூப்பிடுவம் சம்மாட்டியார். தொட்டால் அந்த மீன் மாதிரி முள்ளுக் குத்தும்போலை கிடக்கு.”

“குத்தட்டும். கூப்பிடக் காதிலை விழுந்தால் சரி,” என்றார் பிலிப்பு.

அண்ணன் பாய்மரத்தடிப் பலகையில் பாய்க்கயிற்றைப் பிடித்தபடி இருப்பான். தம்பி அவனுக்குப் பின்னால் இருந்து தண்ணீர் இறைப்பான். சுக்கானைப் பிடித்திருக்கும் பிலிப்பிடமிருந்து “சூசை” என்று குரல் வந்தால் முன்னால் உள்ள முதுகு எழும்பும். “ஓரா” என்றால் இவன் எழும்புவான். அந்த முதுகு எழும்புவதை அவன் வருஷக்கணக்காகப் பார்த்து வந்தான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு மாரிமழைக்கு முன்பு, சூசைப்பிள்ளை நெருப்புக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். சூசைமுத்து அழவில்லை. பெட்டியைத் தூக்கினான், மண் போட்டான், வீட்டுக்கு வந்து தந்ததைச் சாப்பிட்டான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திராது.

வள்ளம் திரும்பக் கடலுக்கு இறங்கிய அன்று, பிலிப்பு அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“இனி இரவல் பேர் வேண்டாம். ஞானஸ்நானப் பேரோடை ஏறு. அதுதான் எங்கடை முறை. கொண்ணன்ரை கயிறும் இனி உன்ரை கையிலைதான்.”

“ஓம் சம்மாட்டியார்.”

கயிற்றை வாங்கினான். ஆனால் தன் பழைய இடத்திலேயே இருந்து, அதன் நுனியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டான். பாய்மரத்தடிப் பலகை வெறுமையாகக் கிடந்தது.

மண்டைதீவைத் தாண்டியபோது காற்று ஒரேயடியாக அடித்தது. “சூசை, இளக்கு!” என்று பிலிப்பு கத்தினார். சூசைமுத்துவுக்கு அது நன்றாகவே கேட்டது. கூப்பிட்டது தன்னைத்தான் என்றும் தெரிந்தது. ஆனாலும் கை அசையவில்லை. கண் அந்த வெறும் பலகையில் நின்றது. அடைக்கலநாதன் பாய்ந்து வந்து கயிற்றைப் பறித்து இளக்குவதற்குள் பாதி வள்ளத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. பிடித்த மீன் கூடையோடு போயிற்று.

கரைக்கு வந்ததும் பிலிப்பு கேட்டார்:

“கேக்கேல்லையோ?”

“கேட்டது.”

“பிறகென்னத்துக்குச் சும்மா இருந்தனீ?”

அவன் ஈரக் கயிற்றைச் சுற்றிக் கட்டினான்.

“நாளைக்கும் உப்பிடியெண்டால் நீ கரையிலை இருந்து கிழிஞ்ச வலையைப் பொத்து. மற்றவையின்ரை உசிரோடை விளையாட ஏலாது.”

கதை அவனுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. பெண்சாதி ஸ்ரெல்லா வாசலிலேயே நின்றாள்.

“இஞ்சாருங்கோ, உங்களை வள்ளத்தாலை இறக்கப்போகினமாமே?”

“ஓம்.”

“ஓம் எண்டால்? கடலுக்குப் போகாமல் என்ன செய்யப்போறியள்?”

“தெரியாது.”

“பழைய பேரையே கூப்பிடச் சொல்லிக் கேளுங்கோவன்.”

“மாட்டார். முறை முறைதான்.” சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். பிறகு அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு சொன்னான்: “சூசை எண்டால் அண்ணை எழும்புவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். அவர் எழும்புறார் இல்லை.”

ஸ்ரெல்லா அவனுக்குக் கிட்ட வந்தாள்.

“வள்ளத்திலை நீங்கள் எங்கை இருக்கிறனீங்கள்?”

“என்ரை இடத்திலை.”

“உங்கடை அண்ணையின்ரை இடத்திலை ஆர்?”

“ஒருத்தரும் இல்லை.”

“அப்ப நாளைக்கு அதிலை போய் இருங்கோ. முன்னாலை பாக்கிறதுக்கு ஆள் இராது.”

அடுத்த நாள் அவன் தன் பலகையைத் தாண்டிப் போய்ப் பாய்மரத்தடியில் இருந்தான். அடைக்கலநாதன் ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தவன், அதை விட்டுவிட்டுச் சூசைமுத்துவின் பழைய பலகையில் போய் இருந்தான். அண்ணனின் இடத்தில் இருந்தால் உள்ளுக்குள் ஏதாவது செய்யும் என்று சூசைமுத்து எதிர்பார்த்தான். ஒன்றும் செய்யவில்லை. அதுவும் ஒரு பலகைதான்.

மண்டைதீவைத் தாண்டியதும் காற்று எழும்பியது.

“சூசை!”

முன்னால் கடல் மட்டும்தான் கிடந்தது. காத்திருக்க அங்கே ஒரு முதுகும் இல்லை. அவனுடைய கை தானாகவே போய்க் கயிற்றை இளக்கியது. பாய் காற்றை விட்டது, வள்ளம் நிமிர்ந்தது.

பிலிப்பு சற்றுப் பொறுத்து, தேவையே இல்லாமல், இன்னொருமுறை கூப்பிட்டுப் பார்த்தார். கை திரும்பவும் போயிற்று.

பின்னால் அடைக்கலநாதன் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. சூசைமுத்து திரும்பிப் பார்க்கவில்லை.