மார்பு பத்தாத அண்ணன்

தோல் கறுத்து அளவுக்கு மீறிக் கனிந்த பூவன் பழத்தின் வாசனை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் நான் இன்றும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். கூடவே கோபமும் வரும். அந்தக் கோபத்துக்குச் சரியான பெயர் பொறாமை. மறைத்துப் பேச எனக்கு வராது.

சீனாக்காரனோடு சண்டை நடந்த அந்த வருஷம், உத்திரமேரூரை ஒட்டிய எங்கள் ஊரில் அரிசி, மண்ணெண்ணெய் எதுவுமே எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டவில்லை. என்னோடு படித்த மல்லிகாவுக்கு மட்டும் பட்டாளத்தில் ஓர் அண்ணன் இருந்தான். எங்கள் தெருதான், எங்களைப் போலவே கூலிக்கு நாற்று நடுகிற குடும்பம்தான். ஆனால் சண்டை வந்ததும் அவள் மகாராணி ஆகிவிட்டாள். குடியரசு தினத்தன்று தலைமையாசிரியருடைய கைவைத்த நாற்காலியைக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டு அதில் அவளை உட்காரவைப்பார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கும் ஓர் அண்ணன் இருந்தான். ஏழுமலை. கழனியில் நெற்கட்டு சுமப்பவன். பட்டாளத்துக்குப் போ, போ என்று அவனை அரித்தெடுத்தேன். காஞ்சிபுரத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் அவனும் கிளம்பிவிட்டான். எடை குறைந்தால் தள்ளிவிடுவான், வாழைப்பழம் தின்றால் எடை நிற்கும் என்று யாரோ சொல்ல, தோப்பில் கழித்துப் போட்ட பழங்களைப் பொறுக்கி வந்து, பஸ் வரும்வரை ஒவ்வொன்றாக உரித்து அவன் வாயில் திணித்தேன்.

“போதும் பாப்பா, மூச்சு முட்டுது.”

“துன்னுண்ணா. நீ பட்டாளத்துக்குப் போவலன்னா நான் இஸ்கூலுக்கே போவ மாட்டேன்.”

சாயங்காலம் அவன் திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் கறை. பாதித் தெரு கூடிவிட்டது.

“எட நின்னுச்சு. அப்பால மாருல டேப்ப சுத்தி, மூச்ச இழுத்துப் புடிடான்னான். இழுத்தேன். பழம் வந்துருச்சு. அவன் பூட்ஸு மேலயே.”

“சீனாக்காரன் மேல எடுத்திருந்தா மெடல் குட்த்திருப்பான்” என்றார் நைனா. தெருவே சிரித்தது. மார்பு பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மறுநாளிலிருந்து பள்ளியில் எனக்கு “வாழப்பழ சிப்பாய் தங்கச்சி” என்று பெயர்.

குடியரசு தினம் வந்தது. நாங்கள் மண்ணில் உட்கார்ந்திருக்க, மல்லிகா கால் தரையில் எட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கஷ்ட காலத்திலும் நமக்கென்று ஒரு நாடு இருக்கிறதே, அதற்கு எல்லாரும் நன்றி சொல்லுங்கள் என்றார் தலைமையாசிரியர். எல்லாரும் கத்தினார்கள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். எனக்கு ஒரு நாற்காலி தராத நாட்டுக்கு நான் ஏன் நன்றி சொல்ல வேண்டும்? எங்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய்; அவளுக்குக் கை நிறைய.

கூட்டம் கலைந்ததும் அவள் நேராக என்னிடம் வந்து கையை விரித்தாள்.

“இந்தா, எல்லாத்தையும் நீயே வெச்சிக்கோ. அடுத்த தபா நாற்காலிலயும் நீயே குந்திக்கோ.”

“இன்னாத்துக்குடி?”

“உங்கண்ணன எனக்குக் குட்த்துடு. எங்கண்ணன் காயிதம் தீபாவளிக்கு முன்ன வந்ததுதான். அப்பால ஒண்ணும் வர்ல. யம்மா தெனம் அழுதுகினு கீது.”

அவள் விளையாடவில்லை. பலப்பம் மாற்றிக்கொள்வது போல நிஜமாகவே பேரம் பேசினாள். கொடியேற்றம் பார்க்க வந்திருந்த என் அண்ணன் வேலிக்கு வெளியே நின்று கதிர் அரிவாளின் பிடியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான். அவனையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது. “போடி, மாட்டேன்” என்று ஓடிப்போய் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னா பாப்பா?”

“ஒண்ணுல்ல. வா, வூட்டுக்குப் போலாம்.”

மைதானத்தில் சொல்லாத நன்றியை ஏரிக்கரையில் நடக்கும்போது மனசுக்குள் சொன்னேன். சுதந்திரத்துக்காக அல்ல, கொடிக்காகவும் அல்ல. என் அண்ணனை வேண்டாமென்று திருப்பி அனுப்பினார்களே, அதற்காக.

மல்லிகாவின் அண்ணன் திரும்பி வரவேயில்லை.

இந்த வருஷமும் குடியரசு தினத்துக்கு அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். சவுக்குக் கம்பம் போய் இரும்புக் கம்பம் வந்துவிட்டது. கைவைத்த நாற்காலி இல்லை, ஆரஞ்சு மிட்டாயும் இல்லை. மல்லிகாவுக்கு முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தடியூன்றி வந்த என் அண்ணன், “வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிற, அறிவு கீதா?” என்று எல்லார் எதிரிலும் என்னைத் திட்டினான். “நீ மொதல்ல குந்து” என்று நானும் கத்தினேன். திரும்பினால், கொடி ஏறுவதைக்கூடப் பார்க்காமல் மல்லிகா எங்கள் சண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் அவளுடைய நாற்காலியை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.