மஞ்சள் றால்

எங்கள் ஸ்டுட்கார்ட் வீட்டில் அதுவரை றால் என்றால் குழம்பு அல்லது பொரியல். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, வீடு மாறிப்போன மேல்மாடிப் பெண்மணி தன்னுடைய சிறிய கண்ணாடித் தொட்டியை எனக்குத் தந்துவிட்டுப் போனார். உள்ளே பாசிக்கு நடுவில், செத்தல் மிளகாய்த் துண்டுகளைப்போலச் சின்னச் சின்னச் சிவப்பு றால்கள். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த சித்தப்பா, வீட்டுக்குள்ளும் கழற்றாத கம்பளித் தொப்பியோடு, குனிந்து பார்த்தார்.

"முழுக்கப் போட்டாலும் ஒரு சட்டி சொதிக்குக் காணாது" என்றார்.

எனக்கோ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தத் தொட்டியடிதான். ஒருநாள் ஒரு றால் அசையாமல் கிடக்கக் கண்டு அழுதுவிட்டேன். பிறகு உற்றுப் பார்த்தால் அது வெறும் கோது. உரித்துப்போட்ட ஆள் கல்லுக்குப் பின்னால் பதுங்கி நின்றது. கோதை எடுத்து எறியக்கூடாது, அதையே திரும்பத் தின்னும் என்று மேல்மாடிப் பெண்மணி சொல்லியிருந்தார். தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றவேண்டும். அதுவும் முதல்நாளே வாளியில் பிடித்து வைத்த தண்ணீராக இருக்கவேண்டும். நான் வாளிக்குக் காவல் இருந்தேன்.

அந்த வருடம் வகுப்போடு திங்கள் தொடங்கி ஒரு கிழமை கறுப்புக்காட்டு மலைப்பக்கம் போகவேண்டி வந்தது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறவர்கள். தொட்டியைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்தேன்.

"நீ போட்டு வா பிள்ளை, நான் பாக்கிறன்."

திரும்பி வந்தபோது கண்ணாடி பளபளவென்றிருந்தது. றால்கள் சுறுசுறுப்பாக மேய்ந்தன. ஆனால் அவற்றுள் ஒன்று மஞ்சள்!

"கரட் அவிச்சுப் போட்டனான்" என்றார் சித்தப்பா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "தின்னுறதுதானே நிறத்திலை தெரியும்."

அதை அப்படியே நம்பினேன். அடுத்த நாளே பீட்ரூட் அவித்துப் போட்டேன். பிறகு கீரை. பச்சை றால் ஒன்று வந்தால் வகுப்பே என் வீட்டுக்கு வரும் என்று கனவு கண்டேன். றால்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டுச் சிவப்பாகவே இருந்தன. அந்த ஒன்று மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

பொறுக்கமுடியாமல், அம்மாவோடு வளர்ப்பு மீன் விற்கும் கடைக்குப் போனபோது அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன்: நிறம் மாற என்ன தீனி போடவேண்டும்? அவர் சிரித்தார். "கம்பளித் தொப்பி போட்டவர் உன்னுடைய சித்தப்பாவா?"

அவர் சொல்லித்தான் தெரிந்தது. நான் வரும்போது எல்லாம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று சித்தப்பா தொட்டித் தண்ணீர் முழுவதையும் வெளியே ஊற்றிவிட்டு, கல்லையெல்லாம் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்திருக்கிறார். றால்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. சவர்க்காரப் போத்தலோடு கடையில் வந்து நின்று, கல் தேய்த்ததை நடித்து, றால்கள் சரிந்ததைக் கையால் காட்டி, தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லில் "எல்லாம் சாவு. பிள்ளை வெள்ளிக்கிழமை வருது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். கடைக்காரப் பெண் தங்கள் தொட்டித் தண்ணீரும் வடிகட்டியில் ஊறிய பழைய பஞ்சும் கொடுத்து, இருந்த சிவப்பு றால்களையெல்லாம் பிடித்துப் பையில் விட்டிருக்கிறார். ஒன்று குறைந்தது. அதற்குத்தான் மஞ்சள்.

வெளியே வந்ததும் அம்மா, "சித்தப்பாவிட்டை ஒண்டும் கேக்காதை" என்றார். நான் கேட்கவில்லை.

சில மாதங்களில் குஞ்சுகள் வந்தன. சிவப்பும் மஞ்சளும் கலந்தால் அப்படித்தானாம், பல குஞ்சுகள் மண்ணிறம்.

"என்னைப் பாத்துப் பாத்து என்ரை நிறம் வந்திட்டுது" என்றார் சித்தப்பா. தலையாட்டினேன். செத்துப்போன என்னுடைய றால்களை நினைத்தால் அவர்மேல் கோபம். அந்தக் கரட் கதையை நினைத்தால் சிரிப்பு. பெரியவர்கள் எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லிவிடுகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பாவுக்கு அப்போது ஜெர்மன் மொழியான டொச் பேச வராது. டொக்டரிடம் போவதென்றாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார். பேக்கரியில் பாண் வாங்கக்கூடத் தனியே போகமாட்டார். கடைக்காரர் திருப்பி ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வதென்று பயம். அந்தக் கிழமை அவருக்காகப் பேச நான் வீட்டில் இருக்கவில்லை, மீன்கடைக்கு அவர் தனியேதான் போயிருக்கிறார் என்பது அன்று எனக்குத் தோன்றவேயில்லை.