ஆவணிக்குக் காத்திருந்த ஒயர்

இதை எழுத நான்கு வருடம் தயங்கினேன். முருகன் சாட்சியாக உள்ளதை எழுதுகிறேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் பழைய கார்களுக்கு வயரிங் பார்க்கும் ஒருவர் இருந்தார். ஒல்லி உடம்பு, கரி படிந்த விரல்கள். நம்மைச் சாவியைத் திருகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். காலையில் எளிதில் கிளம்பாத என் பழைய காரையும் அப்படித்தான் கேட்டார்.

"ஸ்டார்ட் பண்றப்போ மோட்டாரே பேட்டரிய மொத்தமா இழுத்துக்குது சார். ஸ்பார்க் குடுக்கிற காயிலுக்கு ஓல்டேஜ் பத்தல, அப்புறம் ஸ்பார்க் எங்கேர்ந்து வரும்? அந்த நேரத்துக்கு மட்டும் பேட்டரிலேர்ந்து காயிலுக்கு நேரா ஒரு ஒயர் குடுத்தா பட்டுனு புடிச்சுக்கும்."

"ஆடியில புதுசா எதுவும் வேணாம்பா. ஆவணி ஒண்ணாந்தேதி வா."

"வண்டிக்கு இன்னா சார் ஆடி, ஆவணி?" என்று சிரித்தார்.

ஆடிக் கடைசி வெள்ளி விடியற்காலை என் மனைவிக்கு நெஞ்சு வலித்தது. இப்போது பிடித்துவிடும் என்று கால் மணி நேரமாக, விட்டு விட்டுச் சாவியையே திருகிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு அவர் ஓடி வந்து, பேட்டரியிலிருந்து காயிலுக்கு ஓர் ஒயரைக் கையால் பிடித்தார். முதல் திருகிலேயே கார் கிளம்பியது. தாம்பரம் ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் அவள் போய்விட்டாள்.

ஆவணி ஒன்றாம் தேதி அவர் ஒயரோடு வந்து நின்றார்.

"நீங்க சொன்ன தேதி சார். போட்டுடட்டுமா?"

குத்திக்காட்டினாரா, சொன்ன சொல்லைக் காப்பாற்றினாரா, எனக்கு இன்றும் விளங்கவில்லை. சாவியைக் கொடுத்தேன்.

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு 'விதி' என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். வேண்டாம் என்று சொன்னது என் வாய்தான்.