இயக்குநர் என்ற கட்டத்தில்

முதல் படம் எடுத்த இயக்குநருக்கென்றே ஒரு தேசிய விருது உண்டு. ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். நம்ம கிளாப்பு விண்ணப்பித்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று.

இருபத்துநான்கு வருடம் ஒரே இயக்குநரிடம் உதவியாளர். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் கிளாப் கட்டை அடிக்கிற வேலையில் தொடங்கியதால் அந்தப் பட்டப்பேர் ஒட்டிக்கொண்டது. நடந்துகொண்டே கனவு காண்கிற மனுஷன். ஜன்னல் கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிந்தால் போதும், எந்த லென்ஸில் எடுக்கலாம் என்று அங்கேயே நின்றுவிடுவார். அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாது. அப்படி நின்று நின்று சேர்த்ததுதான் அவருடைய படம், ஒரு சலவைக்கடைப் பெண்ணின் ஒரு நாள்.

விண்ணப்பம் போன மூன்றாம் வாரம் பழைய இயக்குநர் போனில் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, விருது ஆபீஸ்லேருந்து எனக்கு லெட்டர் வந்திருக்கு. பதினோரு படம் எடுத்தவர் முதல் பட விருதுக்கு எப்படி வரலாம்னு கேக்கறாங்க. என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?"

கிளாப்பு அலமாரியைத் திறந்தார். விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பார்த்தார். 'இயக்குநர்' என்ற கட்டத்தில், முத்து முத்தான எழுத்தில், பழைய இயக்குநரின் பெயர். கீழே அவர் முகவரி. இத்தனை வருடமாக எல்லாப் படிவத்திலும் எழுதியது. கை தன் பாட்டுக்கு எழுதித் தள்ளிவிட்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நல்லவேளை, நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் அவர்கிட்ட வேலைக்குச் சேர்ந்தீங்க. இல்லாட்டி அந்தப் பதிவுலயும் அவர் பேர்தான் இருந்திருக்கும்."

மறுநாள் காலை இயக்குநர் வீட்டுக்கு நடந்து போனதே கிளாப்புக்குத் தெரியவில்லை. வெயில், பேருந்து, ஆட்கள் எல்லாம் ஒலி சேர்க்காத ரீல் மாதிரி ஓடின. இந்த ஒரு வாய்ப்பும் போச்சே என்ற நினைப்பு மட்டும் தெளிவாக இருந்தது.

மாடியறையில் இயக்குநர் திட்டவில்லை. காகிதத்தை நகர்த்தினார்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள என் கையெழுத்தோட விளக்கம் வேணுமாம். எனக்கு எங்கே லெட்டர் எழுத வரும்? எப்பவும் போல நீயே எழுது."

எழுதினார். 'இந்தப் படத்தின் கதையிலோ காட்சியிலோ எனக்கு எந்தப் பங்கும் இல்லை. பெயர் தவறுதலாக எழுதப்பட்டது.'

இயக்குநர் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். பேனாவைத் திறந்தவர் கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"என் பதினோரு படத்துக்கும் 'எனக்கு எந்தப் பங்கும் இல்லை'ன்னு உன்னால இப்படி ஒரு லெட்டர் எழுத முடியாதுல்ல?"



"முடியாது சார்" என்றார் கிளாப்பு.

இயக்குநர் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.