கேட்ச்சும் மாமாவும்

கேட்ச் என்கிற இங்கிலீஷ் சொல்லை ஆறாம் வகுப்பில் நான் இரண்டு வாரம் கட்டிக்கொண்டு அழுதேன். பள்ளியில் இங்கிலீஷ் தினம் வந்தது. ஆளுக்கொரு வினைச்சொல். அதற்கு என்னென்ன அர்த்தம், அது எங்கிருந்து வந்தது என்று மேடையில் மூன்று நிமிடம் பேச வேண்டும். மிஸ் ஒரு சாக்பீஸ் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு சிங் வந்தது. அவள் ஒரு பாட்டைப் பாடிவிட்டே இறங்கிவிடலாம். எனக்கு கேட்ச். காசிமேட்டுப் பெண்ணுக்கு மீன் பிடிக்கிற சொல்லே வந்துவிட்டதென்று வகுப்பே சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன ஆனாலும் மேடையேறியே தீருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நூலகத்தில் இருந்த தலையணை அகல அகராதியை மிஸ் எனக்காக எடுத்துத் தந்தார். அதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். பந்தைப் பிடிக்கலாம், ரயிலைப் பிடிக்கலாம், திருடனைப் பிடிக்கலாம். சளி நம்மைப் பிடிக்கும், தீ கூரையைப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல். ஆனால் முதலில் அதற்குப் பிடிப்பது என்றே அர்த்தம் இல்லையாம். பிரான்சிலிருந்து வந்தபோது துரத்துவது என்றுதான் அர்த்தமாம். சேஸ் என்ற சொல்லும் அதே வீட்டில் பிறந்ததுதான். ஒன்று துரத்திக்கொண்டே இருந்துவிட்டது, இன்னொன்று பிடித்துவிட்டது. இங்கிலீஷில் அதுவரை பிடிப்பதற்கு லாட்ச் என்று ஒரு பழைய சொல் இருந்திருக்கிறது. கேட்ச் வந்து அதன் வேலையை வாங்கிக்கொண்டதும், அது கதவுத் தாழ்ப்பாளுக்குப் பேராகிப் போனது.

தினமும் சாயங்காலம் இதையெல்லாம் மாமாவிடம்தான் ஒப்பிப்பேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். எங்களோடுதான் இருந்தார். விசைப்படகில் வேலை. போனால் எட்டு நாள், பத்து நாள் கடலிலேயே தங்கிப் பிடித்துவிட்டு வருவார். அந்த இரண்டு வாரம் படகு ரிப்பேரில் இருந்ததால் கரையில்தான் இருந்தார். ஒவ்வொரு இங்கிலீஷ் வரிக்கும் தமிழில் அர்த்தம் சொன்னால்தான் தலையாட்டுவார். தாழ்ப்பாள் கதை அவருக்கு ரொம்பப் பிடித்துப் போனது.

"பாவம், அது பாட்டுக்கு வேல செஞ்சிகினு இருந்துகீது. புச்சா ஒருத்தன் வந்து எடத்த புட்சிக்கினான். இப்ப வாசக்கதவுல நிக்குது" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. புதன்கிழமை காலை வணக்கத்தில் தலைமை சிஸ்டர் ஒரு குண்டைப் போட்டார். போன வருடம் பாதி நாற்காலி காலியாகக் கிடந்ததாம். அதனால் இந்த முறை, சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தால்தான் பிள்ளைக்கு மேடை. இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள்.

அப்பா மணலியிலிருந்து டேங்கர் லாரி ஓட்டிக்கொண்டு அப்போது சேலம் பக்கம் எங்கேயோ இருந்தார். அம்மாவுக்கு இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை. சனிக்கிழமைதான் அங்கே கண்டெய்னர் ஏற்றுகிற நாள். அன்று லீவு கேட்டால் திங்கட்கிழமையும் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். மாமாவின் படகோ வெள்ளிக்கிழமை விடியற்காலை கிளம்புகிறது. அந்தப் படகில் இடம் கிடைப்பதற்கு அவர் இரண்டு வருடம் காத்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அம்மா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றாள். மாமா தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க அம்மாவோடு நானும் துறைமுகத்துக்குப் போனேன். கேட்ச் நோட்டு கையிலேயே இருந்தது. மேடை இல்லை என்று ஆன பிறகும் அதைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. வழியில் ஒரு பூனை குறுக்கே ஓடியது. அம்மா சட்டென்று நின்றுவிட்டாள். மாமா குனிந்து பூனையின் தலையைத் தடவி, "இன்னா நைனா, காலங்காத்தாலயே டூட்டியா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

படகின் டிரைவர் அப்படி இல்லை. யாராவது தும்மினால் இஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுகிற மனிதர். கடலுக்குப் போகிறவனிடம் எப்போது வருவாய், எவ்வளவு பிடிப்பாய் என்று கேட்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஐஸ் ஏற்றி முடித்திருந்தார்கள். மாமா படகின் விளிம்பில் ஒரு காலை வைத்தவர், திரும்பி என்னைப் பார்த்தார்.

"நோட்டுல மொத வரி இன்னா கண்ணு? ஒரு வாட்டி சொல்லிக் காட்டு. கேட்டுட்டுப் போறேன்."

நான் மேடையில் சொல்ல வேண்டிய மாதிரியே நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"வாட் வில் யூ கேட்ச் டுடே?"

மாமா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யய்யோ! அண்ணே, கேட்டியா? 'இன்னிக்கு இன்னா புடிப்பே'ன்னு கேட்டுடுச்சிண்ணே இந்தப் பொண்ணு!"

டிரைவர் முகம் சுண்டிப் போனது. "பொண்ணா இது, பேஜாரு! இஞ்சின அமத்துடா!" என்று கத்தினார்.

"என்னாண்டதானேண்ணே கேட்டுச்சி? தோஷம் எனக்குத்தான். நான் எறங்கிக்கிறேன், படகு போவட்டும்" என்றார் மாமா. சொன்ன கையோடு பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையில் குதித்துவிட்டார். இடம் தேடி அங்கே நின்றுகொண்டிருந்த ஒருவர் உடனே உள்ளே ஏறினார். படகு போயே போய்விட்டது.

அம்மா அங்கேயே என் முதுகில் இரண்டு வைத்தாள். மீன் ஏலம் எடுக்க வந்த பெண்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். மாமாவின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. போகும்போது மாதா கோயிலில் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டேன். மாமா கோயில் வாசலில் நின்று பட்டாணி தின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் அவர் கிறிஸ்துமஸ் சட்டையைப் போட்டுக்கொண்டார். அப்பாவின் பேன்ட்டை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு, நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், சிறப்பு விருந்தினருக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர் வந்து எழுப்பிப் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் பேச வாயைத் திறப்பதற்குள் மாமா கைதட்டினார். தாழ்ப்பாள் கதை வந்ததும், "தோ, இப்ப வருது பாருங்க" என்று விருந்தினரிடம் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கிடைத்தது. அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

ஆனால் அந்தப் படகு திரும்பி வந்த பிறகும் அதில் மாமாவுக்கு இடம் இல்லை. புதிதாக ஏறியவரே நிலைத்துவிட்டார். மாமா ரொம்ப நாள் சின்ன ஃபைபர் படகில்தான் போய் வந்தார். என்னால்தான் என்று நான் மருகாத நாள் இல்லை. வாசல் தாண்டுகிறவர் யாராக இருந்தாலும் எப்போது வருவீர்கள் என்று கேட்க இன்றைக்கும் எனக்கு நாக்கு எழாது.

இப்போது நான் திருவொற்றியூரில் இருக்கிறேன். போன மாதம் என் மகளுக்குப் பள்ளியில் விளையாட்டு விழா. லீவு கிடைக்காது என்று தெரியும். அதனால் காலையில் மேனேஜருக்குப் போன் செய்து, குரலைத் தாழ்த்தி, இரண்டு தரம் இருமி, நூற்றிரண்டு ஜுரம் என்று கூசாமல் பொய் சொன்னேன். போனை வைத்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளிக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

படகில் இருந்தவர்கள் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. நான் கேட்டது ஒருத்தருக்கும் புரிந்திருக்காது. அதைத் தமிழில் சொன்னது மாமாதான்.