சோதனைக்கு நான் எடுத்த மாதம்

எண்பதுகளின் நடுவில் தம்பானூருக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். கேரளம் முழுவதும் உள்ள மழைமானிகளின் தினசரி அளவுகளைக் கணினியில் ஏற்றி, டெலிபோன் லைன் வழியாக வடக்கே தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவோம். லைன் அடிக்கடி அறுந்துபோகும். பாதிக் கோப்பு போன பிறகு அறுந்தால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். அதனால் கோப்பைச் சுருக்கி அனுப்ப ஒரு ப்ரோக்ராம் எழுதச் சொன்னார்கள். அங்கே விரித்துப் பார்க்கும்போது ஓர் இலக்கம்கூட மாறியிருக்கக் கூடாது.

எழுதச் சொன்னது இரண்டு பேரிடம். நான் வலியசாலைக்காரன். இன்னொருவர் கரமனையிலிருந்து வந்த பெண். என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவர், அவரும் தற்காலிகம். நிரந்தரப் பணியிடம் ஒன்றுதான் இருந்தது. யாருடைய ப்ரோக்ராம் சோதனையில் தேறுகிறதோ அவருக்கு அது என்று அதிகாரி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

என் முறை, கோப்பை ஒரு தடவை முழுக்கப் படித்து, எந்த இலக்கம் அதிகம் வருகிறது என்று எண்ணி, அதற்குக் குட்டையான குறியீடு கொடுப்பது. பிறகு இரண்டாம் தடவை படித்துக் குறியீடுகளாக எழுதுவது. அவருடையது ஒரே ஓட்டம். முன்பு வந்த வரிசையே மறுபடி வந்தால் அதை எழுதாமல், எவ்வளவு பின்னால் வந்தது, எவ்வளவு நீளம் என்று மட்டும் குறித்துக்கொண்டு போகும்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போனால் நாங்கள் இருவரும் தமிழில்தான் வம்பளப்போம்.

"சாரோட ப்ரோக்ராம் எதையும் ரெண்டு வாட்டி படிச்சாத்தான் மண்டையில ஏறும் போலிருக்கு" என்பார்.

"உங்களோடது, நேத்து சொன்னேனே அதேதான்னு சொல்லியே பொழுதைப் போக்கும்" என்பேன்.

"சொல்லட்டுமே சாரே. சட்டுன்னு முடிக்குதா இல்லியா?"

முடித்தது. அதுதான் என் பயம். அவருக்குத் தெரியாமல் இரண்டு ப்ரோக்ராம்களையும் பல மாதத்துக் கோப்புகளில் ஓட்டிப் பார்த்திருந்தேன். மழையில்லாத மாதங்களில் கோப்பு முழுக்கப் பூஜ்யம். நீளமான பூஜ்ய வரிசை முழுவதையும் அவருடைய ப்ரோக்ராம் ஒரே குறிப்பில் முடித்துவிடும். என்னுடையது ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் குறைந்தது ஒரு பிட்டாவது செலவழித்தாக வேண்டும். அளவிலும் நேரத்திலும் என்னால் பக்கத்தில்கூட வர முடியவில்லை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் மட்டும் கதை வேறு. ஒரு நாள் அளவுபோல இன்னொரு நாள் இருக்காது. அவருடைய ப்ரோக்ராம் பின்னால் போய்த் தேடித் தேடி ஒன்றும் அகப்படாமல் திணறும். கோப்பும் என்னுடையதைவிடப் பெரிதாக வரும்.

பழைய மாதக் கோப்புகள் இருந்த டேப் அலமாரிச் சாவி என்னிடம் இருந்தது. சோதனைக்கு முந்தைய நாள் எந்தக் கோப்பை எடுப்பது என்று அதிகாரியிடம் கேட்டேன். "ஒரு மாசத்தெ டேட்டா மதி. தான் தன்னெ எடுத்தோ" என்றார். ஒரு மாதம் போதும், நீயே எடுத்துக்கொள் என்று. ஒரு வருஷம் முழுவதையும் ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மழை உச்சத்தில் இருந்த மாதத்தை எடுத்தேன்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் இரண்டும் ஓடின. என்னுடையது முன்னால் முடிந்தது, சிறிதாகவும் வந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"ஏன் சார் இந்த மாசம்?"

"மழை பெய்யறப்பதானே நம்ம டேட்டாவுக்கே மதிப்பு?" என்றேன். அந்தப் பதிலை முதல் நாளே யோசித்து வைத்திருந்தேன்.

"அதுவும் சரிதான்" என்றார். நம்பிவிட்டார். சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காதோ என்னவோ. ஒப்பந்தம் முடிந்து போகும்போது தன் ப்ரோக்ராம் இருந்த டேப்பை என்னிடமே கொடுத்தார். "எப்பவாவது உதவும், வச்சுக்குங்க."

வேலை எனக்கு நிரந்தரமானது. மழை நின்று பனிக்காலம் வந்தது. வெறும் பூஜ்யங்களை அனுப்ப இவ்வளவு நேரமா என்று அதிகாரி எரிந்து விழுந்தார். நான் அந்தப் பெண் கொடுத்த டேப்பிலிருந்து அவருடைய ப்ரோக்ராமை எடுத்து என்னுடையதோடு இணைத்தேன். கோப்பைப் பார்த்து எது சிறிதாக வருமோ அதை ஓட்டும்படி செய்தேன். என் முறையைத் திருத்தியிருக்கிறேன் என்று அறிக்கை எழுதினேன். பாராட்டினார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் ஓடியது அவருடையதுதான்.

அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். டுட்டோரியல் காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"அங்க இப்ப யார் ப்ரோக்ராம் சாரே ஓடுது? உங்களோடதுதானே?" என்று சிரித்தார்.

"ஆமாம்" என்றேன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் என் நிறுத்தத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் கூட்டல் கழித்தல்கூடத் தெரியாமல் வரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். கரமனையில் "வரட்டுமா சார்" என்று இறங்கிப் போனார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவுக்குள் திரும்பாமல், முனையைத் தாண்டித்தான் போனேன்.