முசுடும் இருநூறு பெட்டிகளும்

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வராத நாளில்தான் ஆபீஸில் எல்லோரும் பயந்துபோய், "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்கள். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் முசுடு. அவளுக்கும் இது தெரியும். தெரிந்தால் என்ன, கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், அதற்கும் சேர்த்துக் கோபப்பட நேரம் எங்கே இருக்கிறது?

தண்ணீர் மோட்டார்களைக் கண்காணிக்கிற பெட்டி செய்யும் கம்பெனி அது. மோட்டார் ஓடுகிறதா, நின்றுவிட்டதா, சூடாகிறதா என்று பெட்டி பார்த்து, நெட்வொர்க் வயர் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். வயரோடு பேசுவதற்கென்றே போர்டில் ஒரு சிப் உண்டு. அந்தச் சிப் சொல்வதைப் போர்டின் மூளைக்கும், மூளை சொல்வதைச் சிப்புக்கும் புரியவைக்கிற புரோகிராமின் பெயர் டிரைவர். அதை எழுதுகிறவள் அவள். கணவர் பஸ் ஓட்டுகிறவர். யாராவது கேட்டால், "எங்க வீட்ல ரெண்டு பேருமே டிரைவர்தாங்க. நான் ஹாரன் அடிப்பேன், அவ ஆளையே அடிப்பா" என்பார்.

இந்தத் தடவை பர்ச்சேஸ்காரர் செய்த காரியத்தைக் கேளுங்கள். எங்கோ ஒரு கடையைக் காலி செய்கிறார்கள் என்று ஒரு மூட்டை சிப்பை வாரிக்கொண்டு வந்துவிட்டார். யாருமே தொட்டிராத சிப். அதற்கான விவரப் புத்தகம் பதினொரு பக்கம். அதிலும் ஏழு பக்கம் ஆபீஸில் எவருக்கும் தெரியாத பாஷை. "பழைய சிப்போட தம்பிதான் மேடம், அப்படியே ஓடும்" என்று அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். தம்பியாம் தம்பி! அண்ணன் முன்னால் வைக்கிற எண்ணைத் தம்பி பின்னால் வைத்தான். தயாராகும் முன்பே 'தயார்' என்று கூசாமல் பொய் சொன்னான். மூன்று மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, பழைய டிரைவரை வரி வரியாகப் பிரித்து, அவனுடைய ஒவ்வொரு திருட்டுத்தனத்துக்கும் ஒரு பூட்டுப் போட்டாள். அவள் மேஜையில் மாதிரிப் பெட்டி ஒரு வாரம் நிற்காமல் ஓடியது. அன்றைக்கு அவள் சிரித்ததைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இருநூறு பெட்டி தயாரானது. முதல் பன்னிரண்டைக் கொண்டுபோய் மாட்டினார்கள். ஒன்று பேச ஆரம்பித்தால் இன்னொன்று ஊமையானது. அது வாயைத் திறந்தால் இது செத்தது. வாடிக்கையாளர் போனில் கத்தினார், மேனேஜர் ஓடிவந்து இவள்முன் கையைப் பிசைந்தார்.

"என் டிரைவர்ல தப்பே கிடையாது. மாதிரிப் பெட்டி ஓடுது, இது ஓடலைன்னா போர்டுல சிப்பைப் பத்தவச்சது சரியில்ல, அவ்வளவுதான்!" என்றாள்.

அதோடு விட்டாளா? டீ நேரத்தில் பெட்டிகள் செய்கிற கூடத்துக்குப் போனாள். வரிசையாகப் பத்து மேஜை, நாற்பது பேர். முதல் மேஜையில் சால்டரிங் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக சிப்பின் ஊசிக்கால்களை லென்ஸுக்குக் கீழே வைத்துப் பற்றவைக்கிறவள், முசுடு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழக்கம். "கண்ணு தெரியலைன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே அக்கா! உன் வேலைக்கு நான் ஏன் பேச்சு வாங்கணும்?" என்று கத்தினாள். நாற்பது கிளாஸும் அப்படியே நின்றன. பழியைப் போட ஒரு தலை கிடைத்ததே என்று மேனேஜர் அன்று சாயங்காலமே நோட்டீஸ் அடித்தார். சனிக்கிழமையோடு அக்கா நின்றுகொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை அக்கா இரண்டு பெட்டியைக் கொண்டுவந்து அவள் மேஜையில் தொப்பென்று வைத்தாள்.

"ஒவ்வொரு காலா பாத்துட்டேன். தனித்தனியா மாட்டுனா ரெண்டும் ஓடுது. சேத்து மாட்டுனா அடிச்சிக்குது. ஏம்மா, பத்தவச்சது கெட்டிருந்தா தனியாவும் ஓடக்கூடாதே?"

"எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்."

"பாடம் எடுக்கலை. என் வேலை போகுது, அதான் கேக்கறேன்."

அக்கா போய்விட்டாள். முசுடுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா சொல்வது தப்பு என்று காட்டியே தீருவது என்று இரண்டையும் பல வயர்களை இணைக்கிற ஒரே நெட்வொர்க் சுவிட்சில் மாட்டினாள். நெட்வொர்க்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு முகவரி எண் உண்டு. எந்தத் துளையில் எந்த முகவரி உட்கார்ந்திருக்கிறது என்று அந்தச் சுவிட்ச் திரையில் காட்டும். இரண்டு பெட்டிக்கு இரண்டு முகவரி வர வேண்டும். வந்தது ஒன்றுதான். அந்த ஒன்று முதல் துளைக்கும் இரண்டாம் துளைக்கும் தாவிக்கொண்டே இருந்தது.

முகவரியின் கடைசி ஆறு இலக்கத்தைப் படித்தாள். அவள் மகள் பிறந்த தேதி, மாதம், வருஷம்.

இது வேறு யார் கையிலிருந்து வரும்? ஒவ்வொரு பெட்டிக்கும் அதனதன் முகவரியை வைத்திருக்க ஒரு குட்டிச் சிப் தனியாக உண்டு. ஆரம்பத்தில் அது வர நாளானது. அதுவரைக்கும் வேலை ஓடட்டும் என்று, அந்தச் சிப் இல்லையென்றால் இந்த முகவரியை எடுத்துக்கொள் என்று அவளே ஒரு வரி எழுதியிருந்தாள். பக்கத்தில் குறிப்பும் அவளுடையதுதான்: 'தற்காலிகம். அப்புறம் எடுக்கணும்.' எடுக்கவில்லை. பிறகு மாதிரிப் பெட்டிக்குக் குட்டிச் சிப் வந்தது, அந்த வரி தூங்கியது. இருநூறு செய்யும்போது செலவு மிச்சம் என்று பர்ச்சேஸ்காரர் யாரிடமும் சொல்லாமல் குட்டிச் சிப்பையே தூக்கிவிட்டார், தூங்கிய வரி விழித்துக்கொண்டது. ஒரே கதவு எண் போட்ட இருநூறு வீடு. தபால்காரர் பாவம், எங்கே போடுவார்?

பர்ச்சேஸ்காரரை அன்று அவள் கேட்ட கேள்வியில் மனுஷன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. ஆனால் அந்த ஒரு வரி திரையிலேயே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவள்மேல் அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"சத்தமில்லாம மாத்திடுங்க மேடம். சால்டரிங் கோளாறுன்னு வாடிக்கையாளருக்கு லெட்டர் போயாச்சு. இப்ப மாத்திச் சொன்னா நமக்குத்தான் அசிங்கம்."

"அப்ப அந்த அக்கா?"

"அவங்களுக்கும் வயசாகுதுல்ல?"

"வயசு உங்களுக்கு ஆகலையா சார்?" மேஜையில் ஓங்கி அடித்தாள். பேனா உருண்டு விழுந்தது. "பெட்டியோட சீரியல் நம்பரையே முகவரி ஆக்கி, சரிபண்ணின புரோகிராம் என் கையில இருக்கு. நோட்டீஸை என் கண் முன்னாடி கிழிங்க, தப்பு டிரைவர்லன்னு லெட்டர் அனுப்புங்க. அதுவரைக்கும் ஒரு எழுத்துகூடத் தரமாட்டேன். வேணும்னா எனக்கு நோட்டீஸ் அடிங்க. அந்தத் தம்பிகிட்ட நீங்களே பேசிக்கோங்க!"

அந்தச் சிப்போடு பேச அவளைத் தவிர ஆளில்லை என்பது மேனேஜருக்குத் தெரியும். கிழித்தார். லெட்டரும் போனது.

கிழித்த துண்டுகளைக் கையில் பொத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். சால்டரிங் அக்கா லென்ஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முசுடு குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, தப்பு என்னோடது. நோட்டீஸைக் கிழிச்சாச்சு. நீ எங்கயும் போக வேண்டாம்."

அக்கா கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"அன்னிக்கு எத்தனை பேர் முன்னாடி கத்துனே?"

முசுடு கையிலிருந்த துண்டுகளை மேஜைமேல் வைத்தாள்.

"நாலு நாளா ஒருத்தரும் என் முகத்தைப் பாக்கலை. கண்ணு தெரியாதவன்னு எல்லாரும் நினைச்சாச்சு. இப்ப நீ வந்து காதுல சொல்றே?"

டீ வந்தது. நாற்பது பேரும் கிளாஸை எடுத்துக்கொண்டார்கள். முசுடு அன்றைக்கு நின்ற அதே இடத்தில் போய் நின்றாள்.

"அக்காவோட வேலையில ஒரு குறையும் இல்ல. தப்பு நான் எழுதின வரியில. அவங்களைத் திட்டினது அநியாயம்" என்றாள். அவள் குரலா அது? பாதியிலேயே கம்மிவிட்டது.

அக்கா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"கடைசி மேஜைக்குக் கேக்கலை" என்றாள்.

முசுடு தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.